சிவப்பில் விழுந்த பெயர்கள்

மார்ச் 4, திங்கள்

இன்று காலை, பெரிய வரைபடங்களை அச்சடிக்கிற பழைய பிளாட்டர் செத்தது. என் கண்ணெதிரே உயிர் விட்டது. ஒரு மீட்டர் அகலக் காகிதத்தை உள்ளே இழுத்து, பாதி மாடிப்படியை வரைந்து, ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. பதினோரு வருடம் என்னோடு இருந்தது. என் மனைவிகூட அவ்வளவு நாள் தாங்கவில்லை.

நான் மா தொக்-பே, இந்த அலுவலகத்தின் ப்ரிண்ட் துறைத் தலைவன். துறையில் வேறு ஆள் இல்லை என்பது தலைமைக்கு இழுக்காகாது. மாசான் ஊரில் நிற்கிற கட்டடங்களில் பாதி என் கையிலிருந்து காகிதமாகப் போனவைதான். பாதி என்று அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

அலுவலகம் என் தங்கை மகன் சுங்-வூக்குடையது. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத் தருகிற வேலை. ஆகு மீன் சமைத்து விற்கிற சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. அவர்கள் மிளகாய் வதக்கினால் நாங்கள் இருமுவோம். அவன், வரைகிற பெண் யே-ரிம், நான் - ஆக மொத்தம் மூன்று பேர். அவன் என்னை மாமா என்று கூப்பிடுவதால் யே-ரிமுக்கும் மாமா, மீன் கடைக்காரிக்கும் மாமா. ஊருக்கே மாமா.

மதியம் சாப்பிடும்போது சுங்-வூக் சொன்னான். "மாமா, அந்த முதியோர் ஆஸ்பத்திரி வேலை மட்டும் கெடைக்கலேன்னா, அறுவடைத் திருநாளோட இதை மூடிட்டு நான் சியோலுக்குப் போயிடுவேன். யார்கிட்டயாவது சம்பளத்துக்கு."

"போனா போ மாப்ளே, என்னைக் கூப்பிட நாலு கம்பெனி காத்திருக்கு" என்றேன்.

எந்த நாலு என்று அவன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. எனக்கு ஐம்பத்தெட்டு. என் கோழி வறுவல் கடை மூடியதற்குக் காரணம் கோழி இல்லை, அந்தத் தெருவின் நாக்கு. இதுவும் மூடினால் காலையில் எழுந்து எங்கே போய் உட்காருவது?

மார்ச் 7, வியாழன்

புது பிளாட்டர் வந்துவிட்டது. வாடகைக்குத்தான், ஆனால் பார்ப்பவர்களுக்கு அது தெரியவா போகிறது. வண்ண எந்திரம்! ஆறு மைப்புட்டி. சின்ன படகு நீளம் இருக்கிறது.

பொருத்த வந்த ஆள் கெட்டிக்காரன், ஆனால் வாய் கொஞ்சம் அதிகம். இனிமேல் யார் மேசையிலிருந்தும் நெட்வொர்க் வழியாக நேரே இதற்கு அனுப்பலாமாம். அதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். கடைசியில் என் கணினியில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டே கேட்டான்.

"பழசு வெறும் கறுப்புதானே ஐயா? இதையும் எல்லாக் கோடும் கறுப்பாவே வர்ற மாதிரி வெச்சிடவா? இல்ல வரைஞ்ச நெறத்துலயே வரட்டுமா?"

"தம்பி, கலர் டிவி வாங்கிட்டு கறுப்பு வெள்ளையில படம் பாப்பியா நீ?" என்றேன்.

அவன், "வரையறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?" என்று முனகினான். யே-ரிம் இன்று விடுப்பு, அக்கா குழந்தைக்கு முதல் பிறந்தநாள் விருந்து. துறைத் தலைவன் இங்கே உட்கார்ந்திருக்க, வரைகிறவளை எதற்குக் கேட்பது?

சோதனைக்கு என் மீன்பிடிப் படம் ஒன்றைப் போட்டோம். ஆளுயரத்தில் வந்தது. மீன்கூடப் பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 8, வெள்ளி

புது எந்திரத்துக்குப் பூசை போட்டோம். சுங்-வூக் வேண்டாம் என்றான், நான் விடவில்லை. வேகவைத்த பன்றித் தலை, சிரித்த முகமாகப் பார்த்து நானே சந்தையில் எடுத்தேன். அரிசி மாவு அப்பம், மக்கொல்லி என்கிற அரிசிக் கள். பிளாட்டருக்கு முன்னால் மூன்று பேரும் விழுந்து வணங்கினோம். பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் படித்தவன் எங்களைவிட அதிக நேரம் குனிந்து கிடந்தான். ஆஸ்பத்திரி வேலை அவனை அந்த அளவுக்கு வளைத்திருக்கிறது.

பன்றி வாயில் காணிக்கையாக அவன் ஒரு பணத்தாள் செருக, நான் இரண்டு செருகினேன். பிறகு என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பன்றிக்கு எதற்கு அவ்வளவு?

மார்ச் 15, வெள்ளி

ஆஸ்பத்திரி விஷயத்தை எழுதி வைக்கிறேன், பிற்காலத்தில் யாராவது என் வாழ்க்கையை ஆராய வந்தால் உதவும்.

கட்டப்போகிறவர் சோக் பியோங்-ச்சோல் தலைவர். பேருந்து கம்பெனி முதலாளி, வயது எண்பத்தொன்று. மனைவி போன பிறகு, வயதானவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டியே தீருவேன் என்று நிற்கிறார். போன குளிர்காலத்தில் நெஞ்சில் அறுவை செய்துகொண்டவர். மூன்று அலுவலகங்களின் வரைபடங்களைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மற்ற இரண்டும் பெரிய கம்பெனிகள். அங்கே வாசலிலேயே காபி எந்திரம் இருக்கிறதாம். எங்கள் முறை மார்ச் 28.

ஒவ்வொரு வரைபடத்திலும் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு கட்டம் உண்டு. கட்டுபவர் பெயர், வடிவமைத்தவர் பெயர், வரைந்தவர் பெயர். "இத்தனை வருஷமா ப்ரிண்ட் போடறவன் பேரு எங்கேம்மா?" என்று யே-ரிமிடம் கேட்டேன்.

"உலகத்துல எந்த ஆபீஸ்லயும் அப்படிப் போடறதில்ல மாமா."

"அதனாலதான் உலகம் இப்படி இருக்கு."

இரண்டு பை வாதுமை அப்பத்தில் விஷயம் முடிந்தது. அடிவரியில் சின்னதாக: அச்சு - மா தொக்-பே. சிறியதுதான், ஆனால் கண்ணில் படும்.

மார்ச் 22, வெள்ளி

இருவரும் வரைகிறார்கள், அழிக்கிறார்கள், வரைகிறார்கள். சரிபார்க்கிற பிரதியெல்லாம் மூலையில் இருக்கிற சின்னக் கறுப்பு ப்ரிண்டரில்தான். "மை வீணாகும் மாமா, கடைசித் தொகுப்பு மட்டும் பெரிசுல" என்று சுங்-வூக் உத்தரவு. படகு சும்மா கரையில் கிடக்கிறது. தினமும் துடைக்கிறேன்.

மார்ச் 28, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது.

விடியும்போது யே-ரிம் கோப்புகளை முடித்துப் பொதுக் கோப்புறையில் போட்டாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். "மாமா, அனுப்பும்போது பேனாப் பட்டியல் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு மேசையிலேயே கவிழ்ந்தாள்.

பேனாவா? எந்தக் காலத்தில் இருக்கிறாள்? இது மை தெளிக்கிற எந்திரம், பேனாவே கிடையாது. நானே என் அறைக் கணினியிலிருந்து அனுப்பினேன். ஒன்றொன்றாக வந்து விழுந்தது பாருங்கள் - நீலக் குழாய், பச்சைத் தூண், ஊதாக் கட்டில், கதவெல்லாம் வானவில். இதுவரை வரைபடம் என்றால் எறும்பு ஊர்ந்த காகிதம்; இது திருவிழா. யாரையும் எழுப்பாமல் நானே சுருட்டிக் குழாயில் போட்டு, நானே காரும் ஓட்டினேன். பின் இருக்கையில் சுங்-வூக் பேசப்போவதை வாய்க்குள் மனப்பாடம் செய்துகொண்டே வந்தான்.

தலைவரின் பெரிய அறை. தலைவர், பக்கத்தில் நாம் என்று பெயர் கொண்ட அவர் மருமகன் - கம்பெனி நிர்வாகி, முகத்தை இஸ்திரி போட்டு வைத்திருப்பவர். சுங்-வூக் முதல் தாளை மேசையில் விரித்தான்.

நிர்வாகி நாம் பார்த்தார். அவர் கை பாய்ந்து வந்து கீழ்மூலையை மூடியது, சூடான சட்டியை மூடுகிற மாதிரி.

அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. கட்டத்துக்குள் இருந்த பெயரெல்லாம் சிவப்பு. ரத்தச் சிவப்பு. சோக் பியோங்-ச்சோல் - சிவப்பு.

உயிரோடிருக்கிற மனிதனின் பெயரைச் சிவப்பில் எழுதினால் அவன் சாவைக் கூப்பிடுவதாக அர்த்தம் என்று இந்த நாட்டில் பால் பல் விழாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். பள்ளியில் எனக்குப் பிடிக்காத வாத்தியார் பெயரை நான் சிவப்புப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். இது வாத்தியார் இல்லை. எண்பத்தொரு வயது, நெஞ்சில் தையல்.

சுங்-வூக் இரண்டாவது தாளைப் புரட்டினான். சிவப்பு. மூன்றாவது. சிவப்பு. அவசரத்தில் ஒரேயடியாக நாலைந்து தாள் புரண்டன. எல்லாம்.

"என்னங்க இது? சாபம் வெக்க வந்தீங்களா?" என்றார் நாம்.

தலைவர் மருமகனின் கையைத் தள்ளிவிட்டு, மூக்குக் காகிதத்தில் படும்படிக் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு கட்டத்தில் விரல் வைத்து, "எனக்குக் கீழ இருக்கிறது யாரு?" என்றார்.

"நான்தாங்கய்யா" என்றான் சுங்-வூக்.

"இந்தப் பொண்ணு?"

"எங்க ஆபீஸ்ல வரையறவங்கய்யா."

"கடைசியில பொடி எழுத்துல இருக்கிறவன்?"

நான் மூலையிலிருந்து எழுந்து நின்றேன். என் உயரத்துக்கு முழுசாக.

"அப்ப எல்லாருமாச் சேந்துதான் போறோமா?" என்றார் தலைவர்.

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன், ஏனென்றால் நகைச்சுவை தெரிந்தவன். நிர்வாகி நாம் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது, பழைய பிளாட்டர் மாதிரி.

"பேப்பரை வெச்சுட்டுப் போங்க" என்றார் தலைவர். அவ்வளவுதான். சுங்-வூக் மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

திரும்பும்போது காரில், மழை வரும்போல என்றேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 29, வெள்ளி

யே-ரிம் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். வரைபடம் போடுகிற கேட் (CAD) மென்பொருளில் திரை கறுப்பாம். அதனால் கோடுகளைப் பளிச் நிறங்களில் போடுவார்களாம். சிவப்பு என்றால் மெல்லிய கோடு, மஞ்சள் என்றால் தடித்த கோடு - இப்படி. அச்சாகும்போது எல்லாவற்றையும் கறுப்பாக மாற்றுகிற ஒரு பட்டியல் கணினிக்குள் இருக்குமாம். அதற்குப் பெயர்தான் பேனாப் பட்டியல். பெயர்களையெல்லாம் காலங்காலமாகச் சிவப்பில்தான் வரைந்திருக்கிறார்கள், கறுப்பு எந்திரத்தில் யாருக்கும் தெரியவில்லை.

பேனாவே இல்லாததற்குப் பேனாப் பட்டியல் என்று பெயர் வைத்தால் எந்த மனிதனுக்குப் புரியும்? தப்பு பெயர் வைத்தவன் மேல்.

மார்ச் 31, ஞாயிறு

தலைவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். நெஞ்சு.

ஏப்ரல் 1, திங்கள்

நான் நம்புகிறவன் இல்லை. அறிவியல்பூர்வமான மனிதன். ஆனா மூணு நாள்ல நெஞ்சு வலின்னா - ஏன் இப்பப் பாத்து? என் பேரும் அதே கட்டத்துலதானே இருக்கு? காலையில படி ஏறும்போது எனக்கும் இடது பக்கம் சுருக்குன்னுச்சு.

நிர்வாகி நாம் தொலைபேசியில் கத்தியது மீன் கடை வரைக்கும் கேட்டிருக்கும். தலைவரின் மகள் அழுதுகொண்டே கோயிலுக்கு ஓடினாளாம். போதாதென்று மேளம் தட்டிச் சாமியாடுகிற அம்மாவையும் கூட்டி வந்திருக்கிறாளாம். "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க ஆபீஸ் பேரை இந்த மாகாணத்துல எவனும் எந்த நெறத்துலயும் எழுத மாட்டான்" என்றாராம்.

சுங்-வூக் ஃபோனை வைத்துவிட்டு யே-ரிமைப் பார்த்தான். "நீ ஒரு தாளையாவது பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு தாளு?"

"ரெண்டு நாளாத் தூங்கல சார்."

"நான் மட்டும் தூங்கினேனா? வரையறது உன் வேலை, வரைஞ்சது எப்படி வந்திருக்குன்னு பாக்கறதும் உன் வேலை!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மைப்புட்டியைப் பார்த்தேன். யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை; கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

மாலையில் அவள் மேசையிலிருந்த கள்ளிச் செடி, செருப்பு, கோப்பை எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டாள். படிக்கட்டு வரை தூக்கிக் கொடுக்கப் போனேன். வழியில் நின்றாள்.

"மாமா, அந்தக் கலர் டிவி கதை எனக்குத் தெரியும். மெஷின் மாட்ட வந்தவருக்கு வெள்ளிக்கிழமையே ஃபோன் பண்ணிக் கேட்டேன்."

"அப்ப ஏம்மா மேல சொல்லல?"

"சொன்னா என்ன நடக்கும்? நீங்க அவரோட மாமா. உங்களைத் திட்டுவாரு, ராத்திரி அவரோட அம்மா வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவீங்க. அந்த வீட்டுல எனக்கு இலை கெடையாது. பெட்டியைக் குடுங்க."

கொடுத்தேன்.

ஏப்ரல் 3, புதன்

சாப்பிடவில்லை. இரண்டு கிண்ணம்தான் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

சுங்-வூக் சியோலில் இருக்கிற பழைய கூட்டாளிக்கு ஃபோன் செய்கிறான். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறான், ஆனால் இந்தக் கதவுக்கு நடுவில் இடைவெளி இருப்பதை அலுவலகம் திறந்த நாளிலேயே நான்தான் கண்டுபிடித்தேன்.

கறுப்புத் தொகுப்பு ஒன்று அச்சடித்துக் கொடுக்கலாம் என்று என் அறையில் உட்கார்ந்தேன். பேனாப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். பட்டியல் கிடைக்கவில்லை; கடைசியில் ஒரு தாள் முழுக்க ரோஜா நிறத்தில் வந்தது.

போகிறேன். நேரே ஆஸ்பத்திரிக்கு. பேச்சால் ஆகாத காரியம் எனக்கு இதுவரை இருந்ததில்லை. கோழிக் கடை மட்டும் விதிவிலக்கு.

ஏப்ரல் 9, செவ்வாய்

பேரிக்காய்ப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கதை தயார் செய்தேன்: பழைய அரசர்கள் காலத்தில் பெரிய மனிதர்களின் பெயரைச் சிவப்பில் எழுதுவதுதான் மரியாதை என்று எங்கள் குடும்ப ஏட்டில் இருக்கிறது என்பதாக. எங்கள் குடும்பத்தில் ஏடு கிடையாது. தாத்தா கருவாடு விற்றவர்.

மேல் தளத்தில் தனியறை. என் வீட்டைவிடப் பெரிது. வாசலில் நிர்வாகி நாம் இல்லை - என் நல்ல நேரம். நர்ஸிடம் தலைவரின் பால்ய நண்பன் என்றேன். அவருக்கும் எனக்கும் இருபத்து மூன்று வயது வித்தியாசம். நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

உள்ளே போய் அசந்து நின்றேன். எங்கள் வரைபடம்! இரண்டாவது மாடித் தாள், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. மூக்கில் குழாயோடு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு? ஓ, பொடி எழுத்துக்காரனா. இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேங்கய்யா. அந்தச் சிவப்புப் பேரு விஷயமா, எங்க குடும்ப ஏட்டுல -"

"பேரை விடுய்யா. என் மக அதுக்கு மேளம் தட்டி முடிச்சாச்சு. பக்கத்து ரூம்காரன் பாட்டுக்கச்சேரின்னு நெனச்சுக் கை தட்டினான். அதை விடு. இதைச் சொல்லு - சுவரு எங்க?"

"எந்தச் சுவருங்கய்யா?"

"அதைத்தான்யா நானும் கேக்கறேன். மத்த ரெண்டு கம்பெனிக்காரனும் தேன்கூடு மாதிரி பொந்து பொந்தா அறை போட்டிருக்கான். உன் மருமகன் மட்டும் ஒரே கூடம். வரிசையாக் கட்டிலு, சுத்தி ஜன்னலு. நடுவுல ஒரு சுவரும் கெடையாது."

அருகில் போய்ப் பார்த்தேன். தூண் பச்சை, இருக்கிறது. வெளிச்சுவர் பச்சை, இருக்கிறது. கட்டில்கள் ஊதா. கட்டிலுக்குக் கட்டில் நடுவில் ஒன்றுமே இல்லை, வெள்ளைக் காகிதம். மூக்கை வைத்துப் பார்த்தால்தான் ஒரு மங்கலான கோடு, எலுமிச்சைச் சாற்றில் எழுதின மாதிரி. மஞ்சள்! உள்சுவர் எல்லாவற்றையும் யே-ரிம் மஞ்சளில் வரைந்திருக்கிறாள். கறுப்புத் திரையில் பளீரென்று இருந்தது, வெள்ளைக் காகிதத்தில் ஆவியாகிவிட்டது. அன்று அந்த அறையில் இருந்த எல்லோரும் பெயரைத்தான் பார்த்தோம். சுவர் காணாமல் போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை, இவரைத் தவிர.

"பத்து நாளா இங்கக் கெடக்கேன்" என்றார் தலைவர். "ரொம்ப ஒசத்தியான ரூமாம். டிவி பேசுது. நர்ஸு வந்து ஊசி போட்டுட்டு ஓடுது. ராத்திரி இருமினா யாருமே திட்டறதில்ல. திட்டறதுக்காவது ஒரு ஆளு வேணும்ல? என் பஸ்ஸுல நாப்பது பேரு ஒட்டி ஒட்டி உக்காந்து சண்டை போட்டுக்கிட்டுப் போவாங்க. அது மாதிரி ஒரு எடத்துல சாகணும்யா. உன் மருமகனுக்கு எப்படித் தெரிஞ்சுது இது?"

ஒரு நொடி. ஒரே நொடிதான் யோசித்தேன் என்று சத்தியம் செய்வேன்.

"ஐயா, அதுக்காக அவன் மூணு மாசம் சரியாச் சாப்பிடல. சுவர் இல்லாதது மறதி இல்லீங்கய்யா, கொள்கை. 'மாமா, மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல செங்கல் எதுக்கு'ன்னு என்கிட்ட அழுதான். நான்தான், துணிஞ்சு போடு மாப்ளேன்னு தைரியம் சொன்னேன்."

தலைவர் ஒரு பேரிக்காயைக் கேட்டார். தோல் சீவிக் கொடுத்தேன். உன் மருமகனை வரச் சொல் என்றார்.

ஏப்ரல் 10, புதன்

சுங்-வூக் குதிக்கவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

"மாமா, சுவர் இருக்கு. ஐம்பத்து ரெண்டு அறைக்கும் இருக்கு. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"தெரியலேன்னா இல்லேன்னுதானே அர்த்தம்?"

"தீயணைப்புத் துறைக்காரன் விடுவானா? நோய் பரவுமே, அதுக்கு என்ன பதில்? அவ்வளவு பெரிய கூடத்துக்கு நான் எப்படி - எனக்குத் தனியா முடியாது மாமா. போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்."

"யே-ரிமைக் கூப்பிடு."

"எந்த முகத்தோட?"

முகம் என்றால் என்னிடம் இருக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

யே-ரிம் அவள் அக்காவின் காபிக் கடையில் பால் நுரைத்துக்கொண்டிருந்தாள். தலைவர் கதை முழுவதையும் சொன்னேன், ஓரிரு அலங்காரங்களோடு. நுரை பொங்கி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை.

"தாழ்வான தடுப்பு" என்றாள், என்னிடம் இல்லை, பாலிடம். "மார்பளவு. மேல திரை. நாலு கட்டிலுக்கு ஒரு தடவை இழுத்துச் சாத்தற மாதிரி தீக்கதவு. ஜுரம் வந்தவங்களுக்கு ஓரத்துல நாலு அறை மட்டும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வர்றேன். ஆனா அந்த மார்ச் ஏழாந்தேதி என்ன நடந்துச்சுன்னு நீங்க சார்கிட்ட சொல்லணும். நான் இருக்கும்போதே. கதை சேக்காம."

கதை சேர்க்காமல் எப்படிச் சொல்வது? உப்பில்லாமல் கிம்ச்சி ஊறுகாய் போடச் சொல்கிறாள்.

சொன்னேன். சாயங்காலம், அலுவலகத்தில், நின்றுகொண்டு. பொருத்த வந்தவன் கேட்டான், நான் கலர் என்றேன், இவளைக் கேட்கவில்லை. மூன்று வரியில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயமா என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது. பன்னிரண்டு நாளாக வயிற்றுக்குள் யானை மாதிரி கிடந்தது.

சுங்-வூக் யே-ரிம் பக்கம் திரும்பி இடுப்பு வரை குனிந்தான். பன்றித் தலைக்குக்கூட அவ்வளவு குனியவில்லை. அப்புறம் என்னிடம், "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றான்.

அவன் திட்டியிருக்கலாம். நல்ல வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன, நான் வேண்டுமானால் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

மே 20, திங்கள்

தலைவர் ஒப்பந்தத்தில் முத்திரை குத்தினார்! அவர் வீட்டுக் கூடத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி. இஸ்திரி முகம் நாம் பக்கத்தில் நின்று மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது கண்கொள்ளாக் காட்சி.

குத்துவதற்கு முன் யே-ரிம் குறுக்கே விழுந்தாள். உண்மையைச் சொல்லியே தீருவாளாம். "ஐயா, முதல் வரைபடத்துல சுவர் இருந்துச்சுங்க. மஞ்சள் மையில போனதால தெரியல. இப்ப வரைஞ்சதுதான் நெஜமாவே சுவர் இல்லாதது." சுங்-வூக் கண்ணை மூடிக்கொண்டான். நானும்.

தலைவர் என்னைப் பார்த்தார். "அப்ப இந்த ஆளு சொன்ன கொள்கை?"

"அது மாமாவோட சொந்தக் கொள்கைங்கய்யா" என்றாள்.

கிழவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். "ஒரு கட்டடம் கட்ட ஒரு பொய்யன் வேணும், ஒரு நேர்மைக்காரி வேணும். உன்கிட்ட ரெண்டும் இருக்கு, பொழைச்சுக்குவே" என்று சுங்-வூக்கிடம் சொல்லிவிட்டுக் குத்தினார்.

பொய்யன் என்று யாரைச் சொன்னார் என்று இரவு முழுவதும் யோசித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பிளாட்டருக்கு யே-ரிம் கடவுச்சொல் போட்டுவிட்டாள். நான் அச்சடிக்க வேண்டுமென்றால் அவளைக் கேட்க வேண்டும். கேட்டேன். எதற்கு என்றாள். மீன் படம் என்றேன். முடியாது என்றாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

அறுவடைத் திருநாள் முடிந்து ஒரு வாரம். படி ஏறி வந்து கதவைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன், மிளகாய்ப் புகைக்கு இருமினேன். சுங்-வூக் இரண்டு பேரைப் புதிதாக வேலைக்கு எடுக்கிறான். மேசை போட இடம் எங்கே என்று என்னிடம்தான் கேட்டான்.

மதியம் மூன்று பேரும் கட்டுமான இடத்துக்குப் போனோம். மண்ணைச் சமன் செய்து, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டிருக்கிறார்கள். தலைவரை நாற்காலியோடு இறக்கினார்கள். ரொம்ப இளைத்துவிட்டார், சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. கட்டி முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகும் என்று சுங்-வூக் மெதுவாகத்தான் சொன்னான். அவர் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

என்னை நாற்காலியைத் தள்ளச் சொன்னார். மண் மேடு பள்ளம், பஸ் ஓட்டுகிற மாதிரி இருந்தது. கடலைப் பார்த்த ஓரத்துக்கு வந்ததும் தடியால் தட்டினார்.

"இது என் கட்டிலு. பக்கத்துல ஒண்ணு காலியா இருக்கு. வர்றியா?"

"ஐயா, எனக்கு ஐம்பத்தெட்டுதான் ஆகுது. ஆளு இரும்பு. இன்னும் முப்பது வருஷம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். அதோட, நான் குறட்டை விட்டா தெருவே எழுந்துக்கும்."

"அதான்யா வேணும்" என்றார்.

காற்று சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் கலைத்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் காலால் மண்ணைக் கீறி ஒரு கட்டம் போட்டேன், என் உயரத்துக்கு முழுசாக. ஜன்னல் பக்கத்தை அவருக்கே விட்டுக்கொடுத்தேன். நான் அப்படிப்பட்டவன்.